கூட்டக்கூடாத சரிவில் கலாராணி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, பன்வில போகிற பஸ்கள் மூச்சு வாங்கத் தொடங்கும் மேட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால், யார் எதற்காகச் சொன்னார் என்று ஆராய ஒரு குழு அமைப்பார்கள். குழு கூடினால் தேநீர் கொடுக்க வேண்டும். தேநீர்க் கோப்பை மண்ணில் மக்குமா மக்காதா என்று பார்க்க இன்னொரு குழு வரும்.

அந்த வளாகத்தில், நூலகத்துக்குக் கீழே மகோகனி மரங்கள் நிற்கும் சரிவில், ஒரு பெண் கையில் ஈர்க்கு விளக்குமாற்றுடன் காலை முதல் மாலை வரை சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பின்னால் ஒரு பலகை நட்டிருந்தது. மும்மொழிகளிலும் எழுதிய பலகை. "இங்கே கூட்டக்கூடாது. இலைகள் மண்ணுக்குச் சொந்தம்." அந்தப் பெண்ணின் வேலையோ அந்த இடத்தைக் கூட்டுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவர்தான் கலாராணி.

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அந்தத் தோட்டத்திலேயே படித்து, அங்கேயே கொழுந்து பறித்து, சுரேஸ் என்பவரைக் கலியாணம் முடித்தார். சுரேஸ் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். மகன் வளர்ந்ததும் அவனையும் அந்தக் கடைக்கே எடுத்துக்கொண்டார். தினமும் பின்னேரம் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அதோடு குடும்ப விவகாரங்கள் அனைத்தும் பேசி முடிந்துவிடும்.

ஒரு வருடக் கடைசியில் விடாமல் பெய்த மழையில் மலை இறங்கி வந்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். கலாராணியின் லயத்து வீட்டின் பின்சுவரும், அடுப்பும், அலுமாரியும், அலுமாரிக்குள் இருந்தவையும் ஓடைக்குள் போயின. அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீடுகளில் அழுதார்கள். இவருக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டார். அதிகாரிகள் வந்து, "இங்கே இருக்கக்கூடாது" என்றார்கள். "சரிங்க" என்றார். "பிள்ளை மடுவத்தில் இருங்கள்" என்றார்கள். "சரிங்க" என்றார். அன்றிலிருந்து அவருடைய பேச்சில் பெரும்பகுதியை இந்த ஒரு சொல்லே நடத்திவந்தது. அதற்கு மேல் தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பிள்ளை மடுவம் என்பது, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம். அதைப் பழைய சேலைகளால் பிரித்துக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். சேலைக்குக் கதவு என்ற குணம் கிடையாது. யாராவது விலக்கிப் பார்த்து, "ஆ, நீங்களா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கலாராணி அங்கே பல மாதங்கள் "நீங்களா"வாக இருந்தார். சரிந்த மலையைத் தோட்ட நிர்வாகம் மூடிவிட்டதால் பறிக்கக் கொழுந்தும் இல்லை.

அப்போதுதான் வீரம்மா வந்தார். அதே தோட்டத்துக்காரி. சில வருடங்களுக்கு முன்பே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, துப்புரவுக் கம்பெனியொன்றில் சேர்ந்து அந்த வளாகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர்.

"வாடி எங்கூட. அங்கயும் எலதான். ஆனா பறிக்கத் தேவையில்ல, அதுவே விழும்" என்றார்.

"சரிக்கா."

வேலை கிடைத்ததும் கலாராணி கட்டுகஸ்தோட்டையில் ஹிதாயா உம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தார். அறையில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் இருந்தன. அவற்றை அவர் கவனித்தாரா என்பது சந்தேகம். கதவைக் கவனித்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. ஹிதாயா உம்மா தெளிவான மனுஷி.

"புள்ள, ஒங்களுக்கு வேல ஈக்கும் வரைக்கும் ரூம் ஈக்கி. வேல போனா எனக்குச் சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாக்கோணும். கோவிச்சுக்கப்படா."

"சரிங்க."

ஆகவே, வேலை இருந்தால் தாழ்ப்பாள். வேலை போனால் சேலை. கலாராணியின் உலகத்தில் இதற்கு மேல் கணக்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இனி அந்த வளாகத்தின் பசுமைச் சரித்திரம். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்பது அங்கே விதி. காப்பாற்றினால் புள்ளி உண்டு. காப்பாற்றாவிட்டால் பட்டம் இல்லை. ஒரு வருடம் பழைய தண்ணீர்ப் போத்தல்களால் ஒரு கோபுரம் கட்டினார்கள். அதில் தேங்கிய மழைநீரில் நுளம்பு பெருகவே, அடுத்த வருடத்தார் நுளம்பைப் பற்றித் திட்டம் செய்தார்கள். வேறொரு அணி கென்டின் வாசலில் பல நிறங்களில் குப்பைத் தொட்டிகள் வைத்தது. எல்லாத் தொட்டியையும் பிரதேச சபை ட்ரக்டர் ஒரே பெட்டியில்தான் கொட்டிக்கொண்டு போகும். ஆனால் கொட்டும் வரைக்கும் குப்பை மிகுந்த ஒழுங்கோடு இருந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டவென்று இரவல் சைக்கிள்கள் வந்தன. பள்ளத்தில் எல்லாரும் ஓட்டினார்கள். மேட்டில் ஒருவரும் ஓட்டவில்லை. கடைசியில் எல்லாச் சைக்கிளும் கீழ் வாசலில் சேர்ந்து துருப்பிடித்தன. கலாராணி இவற்றையெல்லாம் சுற்றிக் கூட்டினார். மாணவர்கள் படம் எடுக்கும்போது, "அக்கா, கொஞ்சம் இஞ்சால வாங்கோ" என்பார்கள். போவார். அவர் இருக்கும் படங்கள் பல அறிக்கைகளில் "சமூகப் பங்கேற்பு" என்ற தலைப்பின் கீழ் உண்டு.

அந்த வருடம் மகோகனிச் சரிவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சிந்துஜா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் நித்திரை வராது. மற்றவன் நுஸ்கி, அக்குறணைப் பெடியன், எதைச் செய்தாலும் நித்திரை வரும். இலையைக் கூட்டாமல் விட்டால் மண் வளப்படும், ஈரம் நிற்கும், கரியமில வாயு காற்றுக்குப் போகாமல் நிலத்தில் அடங்கும் என்பது அவர்களுடைய திட்டம். நல்ல திட்டம்தான். அவர்களுடைய விரிவுரையாளர் மேடமும் தலையசைத்தார். பலகை நடப்பட்டது.

பலகையைப் பார்த்ததும் கலாராணி, கம்பெனி சூப்பவைசர் முனாப்பிடம் போனார்.

"சேர், எங்க ஏரியாவுல கூட்டக்கூடாதாமே. நா எங்க போறது?"

முனாப் கட்டுகஸ்தோட்டைக்காரர், ஒழுங்கில் நம்பிக்கை உள்ள மனிதர். ஆட்களை ஏரியாவின் பேரில்தான் கம்பெனி பல்கலைக்கழகத்துக்குக் காட்டியிருக்கிறது. ஏரியா காலியாக இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

"நீங்க எங்கயும் போகத் தேவல்ல. ஒங்கட ஏரியா ஒங்கட ஏரியாதான். காலைல வந்து மெசின்ல வெரல் வெச்சிட்டு அங்க நில்லுங்க."

"நின்னு?"

"நின்னுதான். கூட்டவாணாம். ஆனா வெளக்குமாத்தக் கீழ வெச்சிடவும் வாணாம், பாக்கிறவங்க வேல செய்யல்லண்டு நெனப்பாங்க."

"சரிங்க."

இப்படித்தான் கலாராணி கூட்டக்கூடாத இடத்தின் கூட்டுபவரானார். மாணவர்கள் அவரைத் திட்டத்தின் ஒரு பகுதி என்று நம்பினார்கள். கலைப்பீடத்துப் பிள்ளை ஒருத்தி அவரைச் சிலையென்று நினைத்துப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்தாள். அவர் கண் இமைத்ததும் "அம்மோ!" என்று பாய்ந்து ஓடினாள். கலாராணிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இலைகள் விழுந்தன. அவை விழுவதை அவர் பார்த்தார். ஒருவிதத்தில் அது அவருக்குப் பொருத்தமான வேலையாகவே இருந்தது.

விபரீதம் ஒரு தராசின் வடிவில் வந்தது.

சிந்துஜாவும் நுஸ்கியும் சரிவில் அங்கங்கே கட்டை அடித்து, சிவப்பு நூல் கட்டி, சதுரங்கள் செய்திருந்தார்கள். வாரம் ஒரு முறை வந்து, சதுரத்துக்குள் கிடக்கும் இலை முழுவதையும் அள்ளி உரச் சாக்கில் போட்டு, கொளுக்கித் தராசில் தொங்கவிட்டு, நிறையை எழுதிக்கொண்டு, இலையைத் திரும்பவும் அதே சதுரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். இலை எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு மக்குகிறது என்று பார்ப்பதற்கு.

முதல் இரண்டு தடவை காற்றுக் காலம். இலை சதுரத்தில் நிற்காமல் வடிகானுக்குள் போய்விட்டது. சிந்துஜா தராசைப் பார்த்தாள்.

"குறைஞ்சுபோச்சு நுஸ்கி. போன கிழமையைவிடக் குறைவு."

"காத்துக்கு என்த செய்ற?"

"இப்பிடியே போனா இந்த இடத்தை விட்டிட்டு வேற இடம்தான் பாக்கோணும்."

கலாராணி இரண்டடி தள்ளி நின்று இதைக் கேட்டார். சாக்கு. கொளுக்கி. முள்ளைப் பார்க்கும் கண். எழுதும் பேனை. "குறைவு" என்ற சொல். பல மாதங்களாக எதையும் உணராத அவர் ஒரு அடி கிட்டப் போய், முள்ளைத் தானும் எட்டிப் பார்த்தார்.

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பறித்த கொழுந்தைச் சாக்கோடு தொங்கவிட்டு நிறுப்பார்கள். சொன்ன நிறை வந்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். வராவிட்டால் அரைப்பேர். காற்றடித்தது, செடி துளிர்க்கவில்லை என்ற விளக்கங்களைத் தராசு கேட்பதில்லை. தொடர்ந்து குறைந்தால் மலையை மாற்றுவார்கள், அல்லது ஆளை. எவ்வளவு வேண்டும் என்று கேட்கவும் கூடாது, கேட்டால் அதைவிடக் கூட்டிச் சொல்வார்கள். கலாராணி பதினெட்டு வயதில் படித்த பாடம் இது. பல்கலைக்கழகம் அதை மாற்றிக் கற்பிக்கவில்லை.

ஆகவே அவர் யாரிடமும் கேட்கவில்லை. இந்தச் சரிவுக்கும் ஒரு நிறை இருக்கிறது, அது குறைகிறது, குறைந்தால் இடத்தை விட்டுவிடுவார்கள், இடம் போனால் ஆளும் போவார், ஆள் போனால் தாழ்ப்பாளும் போகும். அவ்வளவும் அவருக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. மேல் பாதையில் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மாவிடம் போனார்.

"அக்கா, நம்ம எடத்துல எல நிறுக்கிறாங்க. கொறையுதாம்."

வீரம்மாவுக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அவரும் அதே தராசின் கீழ் வளர்ந்தவர்.

"இங்கயும் வந்துட்டானுகளா தராசத் தூக்கிக்கிட்டு? எவ்வளவுக்குக் கொறையுது?"

"தெரியாதுக்கா."

"கேக்காத. கேட்டா ஏத்திருவானுக. இந்தா, நா கூட்டி வச்சிருக்கிற குமியில அள்ளிக்க."

தோட்டத்தில் பக்கத்து நிரைக்காரிக்கு நிறை குறைந்தால் தன் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி போட்டுக் கொடுப்பது வழக்கம். யாரும் அதைத் தர்மம் என்று சொல்ல மாட்டார்கள், களவு என்றும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அந்த வழக்கப்படிதான் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வு அன்று காலையில் தலைகீழானது.

கலாராணி நேர்மையான பெண். நிறுக்கும் கணக்கப்பிள்ளை திருப்பிவிடும் இலையை அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. இங்கேயும் கொடுக்கவில்லை. வீரம்மாவின் குவியலிலிருந்து குச்சியைப் பொறுக்கி எறிந்தார். கறுத்த இலையைத் தள்ளினார். ஈர இலைக்குத் தண்ணீர் கழிப்பார்கள் என்று பயந்து, ஒவ்வொரு பிடியையும் உதறிப் பனியைப் போக்கினார். பிறகு சதுரங்களுக்குள் அழகாகப் பரப்பினார். கூட்டவே இல்லை. பலகையை அவர் மதித்தார்.

அடுத்த வாரம் சிந்துஜா தராசைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நுஸ்கி, கூடியிருக்கு!"

"காத்து நிண்டுட்டு போல."

"குச்சி ஒண்டும் இல்லை. எல்லாம் நல்ல இலை. எப்பிடி?"

"மரத்துக்கிட்ட கேக்கட்டா?"

கலாராணி மூச்சை விட்டார். வாரத்துக்கு வாரம் நிறை ஏறியது. அவர் வேலை செய்யத் தொடங்கிவிட்டார் என்று முனாப்புக்கும் தெரியாது, சும்மா நிற்கிறார் என்றுதான் அவர் திருப்தியோடு கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். வீரம்மாவுக்கோ தன் குவியலை ட்ரக்டர் வரைக்கும் சுமக்கும் வேலை மிச்சம்.

மேடம் வரைபடத்தைப் பார்த்தார். கோடு மலையேறிக்கொண்டிருந்தது. இந்த மகோகனி மரங்கள் தனிப்பட்டவை என்றார். குச்சியில்லாத இலைப்படிவு என்பது தொந்தரவு செய்யப்படாத இயற்கை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வதன் அடையாளமாக இருக்கலாம் என்றார். "இருக்கலாம்" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னதால் அதில் விஞ்ஞானத்துக்கு இழுக்கில்லை. ஆய்வு மாநாட்டில் அவர்கள் இதைப் பற்றி ஒட்டிய சுவரொட்டிக்கு முதல் பரிசு கிடைத்தது. சுவரொட்டியின் நடுவில் சரிவின் படம். ஓரத்தில் விளக்குமாற்றுடன் கலாராணி. கீழே, "தொந்தரவு செய்யப்படாத நிலம்."

பசுமை வளாகக் குழு கூடியது. தேநீர் குடித்தது. ஒரு சரிவில் கூட்டாமல் விட்டதற்கே இவ்வளவு இலை சேருமானால், முழு வளாகத்திலும் கூட்டாமல் விட்டால் என்னவாகும்? முதலில் பூமிக்கு நல்லது. இரண்டாவது, கூட்டுகிறவர்கள் தேவையில்லை. குழுவில் சிலர் இரண்டாவது காரணத்தை முதலில் கண்டார்கள், ஆனால் எழுதும்போது வரிசை மாற்றிவிட்டார்கள்.

முனாப் வெளிவேலைப் பெண்களை மர நிழலில் கூப்பிட்டார். அவருக்கும் சந்தோசமில்லை.

"இந்த மாசம் முடியிறதோட வெளில கூட்டுற வேல நிப்பாட்டியாம். உள்ளுக்குக் கழுவுற ஆக்கள் மட்டும்தான். நான் சென்னதில்ல, மேலிருந்து வந்தது."

"ஏன் முனாப் நானா, எல விழுறத நிப்பாட்டிட்டாங்களோ?" என்றார் வீரம்மா.

"எல விழட்டுமாம். கெடக்கட்டுமாம். கலாராணிட ஏரியாட ரிசல்ட்தான் காரணம். நல்ல ரிசல்ட்டாம், ப்ரைஸும் ஈக்கி." போனில் சுவரொட்டியைக் காட்டினார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வீரம்மா போனையும் கலாராணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடியே, நாம போட்ட எலதானே இது? நிறை கொறையக் கூடாதுன்னு போட்டோம். கூடிப்போச்சாம்டி. அதான் நம்மளக் கொறைக்கிறானுக."

கலாராணி படத்தில் இருக்கும் தன்னைப் பார்த்தார். விளக்குமாற்றை நன்றாகத்தான் பிடித்திருந்தார்.

அன்று அவர் சரிவுக்குப் போய் நின்றார். மடுவத்துச் சேலைகள் எந்தெந்த நிறம் என்று யோசித்துப் பார்த்தார். நீலம் ஒன்று, பூப்போட்டது ஒன்று. மூன்றாவது ஞாபகம் வரவில்லை. நினைவுக்கு வராததைப் பற்றிக்கூட ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் சிந்துஜாவும் நுஸ்கியும் தராசோடு இறங்கி வந்தபோது, கால் தானாக நடந்து அவர்களிடம் போனது.

"பாப்பா, அந்த எல நா போட்டது."

"எந்த இலை அக்கா?"

"எல்லாந்தான். மேலருந்து அள்ளியாந்து போட்டேன். நிறை கொறையுதுன்னு நீங்க சொன்னீங்கள்ல."

நுஸ்கி சிரிக்கத் தொடங்கினான். பிறகு சிந்துஜாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவள் இலைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனக்கா இப்பிடிச் செய்தனீங்கள்? நாங்கள் கூடவும் கேக்கேல்ல, குறையவும் கேக்கேல்ல. என்ன நடக்குதெண்டு பாக்கத்தானே நிறுத்தனாங்கள்."

இது கலாராணிக்கு விளங்கவில்லை. எந்த நிறையும் வேண்டாமென்றால் தராசு எதற்கு? சும்மா பார்ப்பதற்காக யார் இலையை நிறுப்பார்கள்? இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

"கொறஞ்சா எடத்த மாத்திருவீங்கன்னு நெனச்சேன். இப்ப எல்லாருக்கும் வேல போவுது, பாப்பா. மேடத்துக்கிட்ட சொல்லி, எலய முந்தி மாதிரிக் கொறச்சு எழுத முடியாதுங்களா?"

நுஸ்கி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இத வேற யாருட்டயும் சொல்லவாணாம். எங்கட டிகிரி போய்டும்."

"சரிங்க."

"நுஸ்கி, வாயை மூடு" என்றாள் சிந்துஜா. "அவவின்ர வேலை போகுது. உனக்கு விளங்கேல்லையே?"

"விளங்குது. அதான் பயமா ஈக்கி."

அவள் நித்திரையில்லாத பிள்ளை என்று முன்பே சொன்னோம். மறுநாள் கண்கள் வீங்கிய நிலையில் மேடத்தின் அறைக்குப் போனாள். நுஸ்கியும் பின்னால் போனான், அது அவனுடைய வாழ்க்கையில் பெரிய காரியம். மேடமும் அன்று நல்ல மனநிலையில் இல்லை. குழு கேட்டதால் முழு வளாகத்திலும் அங்கங்கே கூட்டாமல் விட்டு, மாதிரிக்கு வைத்த சதுரங்களின் நிறைகள் மேசையில் கிடந்தன. எங்குமே இலை நிற்கவில்லை. காற்று கொண்டுபோயிருந்தது. பரிசு பெற்ற கோட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கோடு படுத்துக் கிடந்தது. குழுவோ அடுத்த வாரம் பார்க்க வருகிறது.

"மேடம், அந்த அக்காதான் இலை போட்டவ" என்றாள் சிந்துஜா.

மேடம் ஜன்னல் வழியாகப் போத்தல் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கற்றவர்களுக்கு ஒரு பிழைக்குப் பெயர் கிடைத்துவிட்டால் வரும் வெளிச்சம். இயற்கை இலைப்படிவு வேறு, மனித உதவியுடனான இலைப்படிவு வேறு என்றார். சுவரொட்டி காட்டியது இரண்டாவதை. அது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு. சுவரொட்டியைத் திரும்பப் பெற வேண்டியதில்லை, ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி, சேர்த்தபோது, கலாராணியின் செருப்புக்குக் கீழே, எறும்பு வாசிக்கும் அளவில் இருந்தது.

குழு இதையும் ஏற்றுக்கொண்டது. முழு வளாகத்துக்கும் மனித உதவி வேண்டும் என்று தீர்மானமானது. மனித உதவிக்கு மனிதர்கள் தேவை. கூட்டுகிற பெண்களை நிறுத்தும் தீர்மானம் நிறுத்தப்பட்டது. அதே பெண்களுக்கு "இலைப் பராமரிப்பு உதவியாளர்" என்று பச்சை நிறத்தில் அங்கி கொடுத்தார்கள். பாதையில் விழும் இலையைக் கூட்டி, மரத்தடியில் பரப்ப வேண்டும். காற்று அதைப் பாதைக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் கூட்டிப் பரப்ப வேண்டும். வேலை இரட்டிப்பானது. ஆனால் இருந்தது.

ஒரேயொரு சிக்கல். யார் எவ்வளவு பரப்பினார்கள் என்று முனாப் எப்படி அறிவார்? தரையில் கிடக்கும் இலையைப் பார்த்து அது கலாராணி போட்டதா காற்றுப் போட்டதா என்று சொல்ல அவரால் முடியாது. ஒழுங்கில் நம்பிக்கை உள்ள மனிதர் அல்லவா, யோசித்தார். மாணவர்களின் கொளுக்கித் தராசு சும்மா கிடந்தது. பரிசு பெற்ற சுவரொட்டியில் நிறையும் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை, பரப்புவதற்கு முன்பு, எல்லாரும் சாக்கோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று அறிவித்தார்.

"சுவரொட்டில உள்ள நிறை வரோணும். வந்தா முழு நாள். வரல்லாட்டி அரைநாள்தான் போடுவன். நான் சென்னதில்ல, கம்பெனில கேட்டுத்தான் செல்றன்."

பெண்கள் கொதித்தார்கள். வெயில் காலத்தில் இலை எங்கே? கட்டட நிழலில் மரமே இல்லாத ஏரியாக்காரி என்ன செய்வாள்? கெம்பஸ் என்று நம்பி வந்தால் இங்கேயும் தோட்டமா? வீரம்மாவின் குரல் நூலகம் வரைக்கும் போனது. படித்துக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலை மூடினார்கள்.

கலாராணி மட்டும் கொதிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே நிறை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இப்போது எவ்வளவு என்பதும் தெரிந்துவிட்டது. தெரிந்தது நல்லதுதான்.

அந்தத் திங்கட்கிழமை பனி கொட்டியிருந்தது. அவர் குச்சியைப் பொறுக்கி எறிந்து, ஒவ்வொரு பிடியையும் உதறி, சாக்கை நிரப்பிக்கொண்டு வரிசையில் நின்றார். முறை வந்ததும் தானே கொளுக்கியில் மாட்டினார். முனாப் முள்ளைப் பார்த்தார்.

"ஆ, கூடவே ஈக்கி."

"தண்ணிக்குக் கழிச்சுக்கங்க சேர்."

"என்த கழிக்க?"

"தண்ணி. காலையில பனி இருக்குல்லங்க. எவ்வளவு ஒதறினாலும் கொஞ்சம் நிக்கும். தோட்டத்துல கழிப்பாங்க."

முனாப் அவரை ஒரு கணம் பார்த்தார். இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. யோசிக்க யோசிக்க அது நியாயமாகவும் ஒழுங்காகவும் பட்டது. கலாராணியின் நிறையில் கொஞ்சம் கழித்தார். முழு நாள் எழுதினார். பிறகு வரிசையில் நின்ற எல்லாருக்கும் கழித்தார். வீரம்மாவுக்கு அரைநாள் விழுந்தது.

பின்னேரம் வளாக வாசலில் இருவரும் பாதையின் இரு பக்கமும் நின்றார்கள். வீரம்மா பன்வில பஸ்ஸுக்கு, கலாராணி கண்டி பஸ்ஸுக்கு. வீரம்மா அங்கிருந்தே கத்தினார்.

"ஒன்ன யாருடி கேட்டா? அவனுக்குத் தெரியாததயெல்லாம் சொல்லிக் குடுக்கிற! தராசு வந்துச்சு, இப்ப தண்ணிக் கழிவும் வந்துச்சு. நாளைக்குக் கங்காணியையும் கூட்டியாந்து குடேன்!"

"சரிக்கா" என்றார் கலாராணி. நடுவில் போன லொறியின் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

"நாளைக்கு எனக்குக் கொறஞ்சா ரெண்டு பிடி போடுவியா?"

"போடுறேங்க்கா."

"அதையாவது செய்யி" என்று வீரம்மா பஸ்ஸில் ஏறினார்.

கலாராணி கட்டுகஸ்தோட்டையில் இறங்கினார். ஹிதாயா உம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்ததை அள்ளிக்கொண்டிருந்தார்.

"வேல எப்பிடி புள்ள? நிப்பாட்டப் போறாண்டு கதை வந்திச்சே."

"இருக்குங்க."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப சரி."

அறைக்குள் போனார். போன் அடித்தது.

"சாப்பிட்டியா?"

"இனித்தான்."

வழக்கமான பதில் இது அல்ல. அடுத்து என்ன கேட்பதென்று சுரேஸுக்குத் தெரியவில்லை. "சரி" என்று வைத்துவிட்டார்.

கலாராணி பச்சை அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பையில் ஒட்டியிருந்த ஒரு இலை தரையில் விழுந்தது. அதை எடுத்து, ஒரு தடவை உதறி, ஜன்னல் ஓரத்தில் வைத்தார். பிறகு கதவைச் சாத்தி உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டார். விழுந்துவிட்டதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார். விழுந்திருந்தது.